இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்: சிறுமலை இறக்கத்தில் விழுந்த ஒரு வண்டி

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஒன்பதே காலுக்கு, என் அக்கா மகன் சிறுமலை இறக்கத்தில் வண்டியோடு விழுந்தான். இடது கணுக்கால் சுளுக்கு, உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்தது, ஜாக்கெட்டின் இடது முழங்கை கிழிந்தது. அவ்வளவுதான். எதிரே ஏறி வந்த குட்டியானைச் சரக்கு வண்டிக்காரர் அரை வினாடி தாமதமாகப் பிரேக் பிடித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

திண்டுக்கல்லில் கட்டுப் போட்டு, டிடி ஊசியும் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் முதலில் சொன்னது: "மாமா, நான் சரியாத்தான் சாஞ்சேன். வண்டிதான் திரும்பல."

வேகமாக வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பேன். 'சரியாத்தான் சாஞ்சேன்' என்றதுதான் என்னை உட்கார வைத்தது. சரியாகச் சாய்ந்தவன் வண்டி ஏன் திரும்பாது? எனக்குத் தொழில் லேத் பட்டறை. எதையும் அளந்து பார்க்காமல் விட மனசு வராது. பின்னால் வந்த நண்பனின் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அதில் மொத்தச் சம்பவமும் பதினோரு வினாடிக்குப் பதிவாகியிருந்தது. அந்தப் பதினோரு வினாடியை நான்கு வாரம் பார்த்தேன்.

ஆளும் வண்டியும் ரோடும்

பையனுக்கு வயது 26. எடை 68 கிலோ. வண்டி 150 சிசி, 140 கிலோ, ஹேண்டில் தாழ்வாக உள்ள ஸ்போர்ட்ஸ் வகை. தினமும் மதுரை திருநகரிலிருந்து ரிங் ரோடு வழியாக வேலைக்குப் போய் வருகிறான். மூன்று வருடத்தில் 38,000 கி.மீ. ஓட்டியிருக்கிறான். பெரிய அனுபவம் என்று தோன்றும். ஆனால் மதுரையைச் சுற்றி ஓட்டுகிறவனுக்கு 38,000 கிலோமீட்டரும் நேர் கோடுதான். நான்கு வழிச்சாலையில் திருமங்கலம், மேலூர், சமயநல்லூர் எந்தப் பக்கம் போனாலும் ஹேண்டிலைத் திருப்பவே வேலை இருக்காது. பின் டயரைப் பார்த்தாலே தெரிந்தது: நடுவில் தேய்ந்து பலகை மாதிரி தட்டையாகிவிட்டது, இரண்டு ஓரத்திலும் புது டயரில் இருக்கும் ரப்பர் முடி கூடப் போகவில்லை. இப்படிச் சப்பையான டயர் சாய்க்கும்போது முதலில் அடம் பிடிக்கும், அப்புறம் தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று விழுகிற மாதிரி சாயும். ஓட்டுகிறவனுக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அதோடு காற்று வேறு. பின் டயருக்கு 33 இருக்க வேண்டிய இடத்தில் 41 இருந்தது. ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் முன்னுக்கும் பின்னுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டிருக்கிறார்கள், இவனும் பார்க்கவில்லை.

இது விழுந்ததற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. விழுவதற்கு வசதி செய்து கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறுமலை மதுரையிலிருந்து ஏறக்குறைய 90 கி.மீ. திண்டுக்கல் போய் நத்தம் ரோட்டில் திரும்பி, வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டினால் ஏற்றம் ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவு 18. எந்த வளைவில் விழுந்தான் என்று எண் போட்டுச் சொல்லப் போவதில்லை. பதினெட்டும் அண்ணன் தம்பிதான். இறங்கும்போது இடப்பக்கம் திரும்புகிற வளைவு என்பது மட்டும் முக்கியம். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், இடப்பக்க வளைவு நமக்கு உள்வளைவு, வலப்பக்க வளைவை விட இறுக்கம்.

மலை ஏறும்போது இவன் நன்றாகத்தான் ஓட்டினான், கேமராவில் அதுவும் இருக்கிறது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஏறும்போது மலையே நமக்காகப் பிரேக் பிடிக்கிறது. ஆக்ஸிலேட்டர் முறுக்கை விட்டாலே வேகம் குறையும். எடை பின் சக்கரத்துக்குப் போய்விடுவதால் கையில் பாரம் இருக்காது, ஹேண்டில் லேசாக இருக்கும். ஓட்டுகிறவனிடம் என்ன கோளாறு இருந்தாலும் ஏற்றம் மூடி வைத்துவிடும். இறக்கத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பதினோரு வினாடி

கேமரா ஒரு வினாடிக்கு 60 படம் எடுப்பது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன்.

முதல் மூன்று வினாடி நேர் இறக்கம். பிரேக் விளக்கு எரிகிறது. இரண்டு கையும் முழங்கை மடங்காமல் கட்டை மாதிரி நீண்டிருக்கின்றன. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரியும் இல்லையா, அந்தச் சரிவைத் தொடையால் டேங்கை இறுக்கித் தாங்காமல் உள்ளங்கையால் தாங்குகிறான்.

நான்காவது வினாடியில் இடுப்பை இடது பக்கம் நகர்த்துகிறான். சீட்டிலிருந்து பாதிப் பிட்டம் வெளியே. இடது முழங்கால் விரிகிறது. டிவியில் பார்த்த ரேஸ்காரர்கள் செய்கிற அதே காட்சி. 2023 செப்டம்பரில் டெல்லி பக்கம் புத் சர்க்யூட்டில் மோட்டோ ஜிபி பைக் ரேஸ் நடந்தபோது மூன்று நாளும் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காதவன் இவன். அந்த முழங்கால் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் படத்தை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து வண்டியின் சாய்வுக்கு ஒட்டி மேலே ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். முதுகுத்தண்டு அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் இருக்கிறது. தலை இன்னும் வலது பக்கம். ஹெல்மெட்டின் நடுப்பகுதி கோட்டிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி நிற்கிறது. பின்னாலிருந்து பார்க்க இடுப்பில் ஒடிந்த பொம்மை மாதிரி இருந்தான். இடுப்பு வளைவுக்கு உள்ளே, தோளும் தலையும் வளைவுக்கு வெளியே.

இந்தத் தலை எங்கிருந்து வந்தது? யோசித்தால் அதுவும் புரிந்தது. மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் பத்து கி.மீ. வேகத்தில் வளைத்து வளைத்து ஓட்டுகிறவன் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தான் நிமிர்ந்து உட்காருவான். அந்த வேகத்துக்கு அது சரிதான். மெதுவாக, இறுக்கமாகத் திரும்ப அதைவிட நல்ல வழி கிடையாது. குறுகிய இடத்தில் யு-டர்ன் போடுகிற போலீஸ்காரர் ஓட்டுவதைப் பார்த்தால் தெரியும். மண் ரோட்டில் ஓட்டுகிறவர்களும் அப்படித்தான். ஆக இவன் உடம்பில் அன்றைக்கு இரண்டு பேர் ஓட்டியிருக்கிறார்கள். இடுப்பு ரேஸ் ஓட்டியது. தலை டவுன் ஹால் ரோட்டில் ஓட்டியது.

ஆறாவது வினாடியில் வண்டி வளைவின் உள்ளே வந்துவிட்டது, ஆனால் வளைவோடு ஒட்டாமல் நடு ரோட்டை நோக்கி அகலப் போகிறது. ஏழில் குட்டியானை தெரிகிறது. தனக்குரிய பக்கத்தில் அது ஒழுங்காக ஏறி வருகிறது. ஹெல்மெட் சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறது, திரும்பின தலை திரும்பினபடியே நிற்கிறது. எட்டில் பிரேக் விளக்கு எரிகிறது.

அடுத்தது நான் பலமுறை நிறுத்திப் பார்த்த இடம். இவன் பின் சக்கர ரிம்மில் அழகுக்காகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டியிருந்தான். அது வரைக்கும் அந்தச் சிவப்பு சுழன்று கோடாகத் தெரிந்தது. பிரேக் விளக்கு எரிந்த ஒன்பதாவது படத்தில் அது தெளிவான ஒரு துண்டாக நின்றுவிட்டது. அடுத்த படத்திலும் அதே இடம். அதற்கடுத்த படத்திலும். வண்டி ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வலது பக்கம் வழுக்கிப் போக, வண்டி இடது பக்கம் படுத்தது. ரோட்டின் நடுவில் டயர் படாத பட்டை ஒன்று எப்போதும் இருக்குமே, மணலும் சருகும் டீசல் கசிவும் சேர்கிற இடம், சிறுமலையில் சுமை இறக்கும் குதிரைகளின் சாணமும் கூட. வழுக்கியது அந்தப் பட்டையில்தான். ஏழு மீட்டர் தேய்த்துக்கொண்டு போய், நின்றுவிட்ட குட்டியானையின் முன் பம்பரில் ஹேண்டில் முனை தட்டி நின்றது.

சிலர் கேட்டார்கள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்குமே என்று. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் அது முழுமையாகக் கட்டாயமானது, உண்மைதான். ஆனால் அந்த விதிக்கு முன் சக்கரத்தில் மட்டும் இருந்தாலே போதும். இவன் வண்டியில் அப்படித்தான். பின் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் பின் சக்கரத்துக்குப் பாரமே குறைவு, செகண்ட் கியரில் முறுக்கை வேறு பட்டென்று மூடியிருக்கிறான். இன்ஜினும் பிடித்தது, காலும் மிதித்தது.

கயிறும் கணக்கும்

இரண்டு வாரம் கழித்து, போக்குவரத்து இல்லாத விடியற்காலையில், ஒரு நூல் கயிறும் டேப்பும் எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். கேமராவில் தெரிந்த இரண்டு தடுப்புக் கற்களுக்கு இடையே அவன் போன பாதையை அளந்தேன்: 24 மீட்டர். அதைக் கடக்க எடுத்தது 150 படம், அதாவது இரண்டரை வினாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 34.6 கி.மீ. அவன் '40 இருக்கும் மாமா' என்றிருந்தான். பயத்தில் எல்லோருக்கும் மீட்டர் கூடத்தான் காட்டும்.

வளைவின் ஆரம் எவ்வளவு என்பதற்குப் பட்டறை வித்தை ஒன்று. உடைந்துபோன வளையத்தில் ஒரு துண்டைக் கொண்டுவந்து 'இதே அளவுல புதுசு வேணும்ணே' என்பார்கள். துண்டின் இரு முனைக்கும் நேர் அளவு எடுத்து, நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்தால் முழு வட்டம் கிடைத்துவிடும். ரோட்டுக்கும் அதே. உள் ஓரத்தில் 10 மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். கயிற்றின் நடுவுக்கும் ரோட்டு ஓரத்துக்கும் 90 சென்டிமீட்டர். ஆரம் 14 மீட்டரும் சொச்சமும் வந்தது. மலைப்பாதைக் கொண்டை ஊசிக்கு சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த குறைந்தபட்ச உள் ஆரமும் 14 மீட்டர்தான், வடிவமைப்பு வேகம் 20 கி.மீ. ஓரத்திலிருந்து அவன் வண்டி சற்றுத் தள்ளி ஓடியதால் அவன் பாதைக்கு 16 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

16 மீட்டர் ஆரத்தில் 20 கி.மீ. வேகத்துக்கு 11 டிகிரி சாய்ந்தால் போதும். 25க்கு 17. முப்பதுக்கு 24. முப்பத்தைந்துக்கு 31. நாற்பதுக்கு 38. வேகம் இரண்டு மடங்கானால் சாய்வு மூன்று மடங்கைத் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். இதில் வண்டி எடை, ஆள் எடை எதுவும் வராது. புல்லட்டுக்கும் ஸ்கூட்டிக்கும் ஒரே கணக்கு. டயருக்கு அகலம் இருப்பதால் நிஜத்தில் ஒன்றிரண்டு டிகிரி கூடும்.

இது ஆளும் வண்டியும் சேர்ந்த சாய்வு. ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்து வண்டியின் பங்கு மாறும். மனிதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடுப்புக்கு மேலே இருக்கிறது. இவன் 68 கிலோவில் 45 கிலோ தலை, கை, நெஞ்சு. அது 15 சென்டிமீட்டர் வலது பக்கம் போயிருக்கிறது. மீதி 23 கிலோ சராசரியாக ஆறு சென்டிமீட்டர் இடது பக்கம். இரண்டையும் கழித்து, வண்டியோடு சேர்ந்த மொத்தம் 208 கிலோவுக்குப் பகிர்ந்தால், எடை மையம் இரண்டரை சென்டிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கிறது. தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள மையத்துக்கு அது ஏறக்குறைய இரண்டரை டிகிரி. அதாவது வண்டி 31 அல்ல, 33.5 டிகிரி சாய வேண்டும். சீட்டை விட்டு நகராமல், நெஞ்சையும் தலையையும் மட்டும் அதே 15 சென்டிமீட்டர் உள்ளே கொண்டுபோயிருந்தால் 28 போதும். ஐந்தரை டிகிரி வித்தியாசம். அந்த வளைவில் அது 4 கி.மீ. வேகம் கூடக் குறைய ஓட்டுவதற்குச் சமம்.

முழங்காலை விரித்து, பாதிப் பிட்டத்தை வெளியே வைத்து இத்தனை பாடுபட்டவன், கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும் பலனைக் கூடப் பெறவில்லை. கணக்கைக் காட்டியபோது அவன் முகம் போன போக்கு எனக்கே பாவமாக இருந்தது.

அப்படியானால் ஏன் விழுந்தான்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உடம்பை உள்ளே சாய்ப்பதால் டயருக்குப் பிடி கூடிவிடாது. அதே வேகம், அதே வளைவு என்றால் டயர் தாங்க வேண்டியதும் அதேதான், ஆள் தலைகீழாக உட்கார்ந்தாலும். மாறுவது வண்டியின் சாய்வு மட்டும். 35 கி.மீ. அந்த வளைவுக்கு அதிகம்தான், ஆனால் காய்ந்த தாரில் டயர் அதைத் தாங்கியிருக்கும். வெறும் சாய்வினால் அவன் விழவில்லை.

விழுந்தது ஒரு சங்கிலி. மதுரையில் ஓட்டுகிறவனுக்கு வண்டி இருபத்தைந்து டிகிரிக்கு மேல் சாய்ந்து பழக்கமே கிடையாது. 33 கேட்டதும் உடம்பு மறுத்துவிட்டது. மறுத்தது எப்படி என்றால் வலது கையால். இதைப் புரிந்துகொள்ள வண்டி எப்படித் திரும்புகிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நடக்கிற வேகத்தைத் தாண்டிவிட்டால், இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் போகும், வண்டி இடது பக்கம் சாயும், அப்புறம்தான் திரும்பும். நம்ப மாட்டேன் என்பவர்கள் நிறைய. வில்பர் ரைட், விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தவர், எத்தனையோ பேரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஓட்டுகிற எல்லோரும் அதைச் செய்கிறார்கள், செய்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் கீத் கோட் என்ற பயிற்சியாளர் ஒரு வண்டியில் அசையாத இரண்டாவது ஹேண்டில் ஒன்றைப் பொருத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் சாய்த்து ஓட்டச் சொன்னால் வண்டி லேசாக அலைகிறதே தவிர உருப்படியாகத் திரும்புவதில்லை.

எங்கள் பையன் வண்டியில் இரண்டாவது ஹேண்டில் இல்லை, ஆனால் கட்டையாக நீட்டிய கை அந்த வேலையைச் செய்துவிட்டது. இடது கை தள்ளுகிறது. உடம்பின் பாரம் முழுக்க வலது உள்ளங்கையிலும் ஊன்றியிருக்கிறது, அதுவும் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று அடைத்துக்கொண்டன. 'வண்டி திரும்பல' என்று அவன் சொன்னது பொய்யில்லை. அவன் ஒரு கை கேட்டதை இன்னொரு கை தடுத்திருக்கிறது.

திரும்பாததால் அகலப் போனான். அகலப் போனதால் குட்டியானை தெரிந்தது. கண் அதில் நின்றது, கண் நின்ற இடத்துக்கு வண்டி போனது. கடைசியில் பிரேக்கை மிதித்தான். டயரின் பிடி கோடைகாலத்தில் வருகிற ஒரு குடம் தண்ணீர் மாதிரி. குளிக்கவும் அதுதான், சமைக்கவும் அதுதான். முக்கால் குடத்தைச் சாய்வுக்குச் செலவழித்துவிட்டு, மீதியை மணல் பட்டையில் கொட்டிவிட்டு, பிரேக்குக்கு எங்கே போவது?

பிரேக்கைக் குற்றம் சொல்லி முடித்துவிடலாம். அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார், 'பின்பிரேக்க மிதிச்சுப்புட்டான், அதான்' என்று. அது கடைசிக் கண்ணி. என் கணக்கில் விழுந்தது நான்காவது வினாடியில், இடுப்பு போய்த் தலை போகாத இடத்தில். அதற்கும் முன்னால், கை கட்டையான இடத்தில்.

ரேஸ்காரர்கள் செய்வது எதற்கு

ஃபின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் எழுபதுகளின் தொடக்கத்தில் உடம்பை வளைவுக்குள் தொங்கவிட்டு ஓட்டியதும், அவருக்குப் பின் கென்னி ராபர்ட்ஸ் அதை எல்லோருக்கும் பாடமாக்கியதும் வண்டி ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசுகிற எல்லையைத் தள்ளிப் போடத்தான். இன்றைக்கு மோட்டோ ஜிபியில் 60 டிகிரிக்கு மேல் சாய்க்கிறார்கள். அந்த டயர் வேறு, அந்த ரோடு வேறு, எதிரே யாரும் வர மாட்டார்கள். முழங்காலை அங்கே தரைக்குத் தூரம் பார்க்கும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சிறுமலையில் ஃபுட்ரெஸ்ட் உரசுகிற அளவுக்குச் சாய்த்தால் ஏற்கெனவே மூன்று தப்பு செய்தாகிவிட்டது.

அப்படியென்றால் மலையில் உடம்பைச் சாய்க்கவே கூடாதா? வண்டியோடு ஒட்டி, வண்டி எவ்வளவோ ஆளும் அவ்வளவு என்று போவதுதான் 25 கி.மீ. வேகத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் நெஞ்சையும் தலையையும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோவதை நான் கையிருப்பாகப் பார்க்கிறேன். வளைவு உள்ளே போகப் போக இறுகினாலோ, மணல் தெரிந்தாலோ, அந்த மூன்று டிகிரியைக் கொண்டு வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். அதை வேகமாக மாற்றிச் செலவழிக்கிறவனுக்குக் கையிருப்பு இல்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கடம் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோவில் தலையை உள்ளே கொண்டு போ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் வலப்பக்கம் திரும்பும்போது உள்ளே என்றால் எதிரே வருகிறவன் பக்கம். டயர் நம் பாதையில் இருக்கும், தலை நடுக்கோட்டைத் தாண்டி இருக்கும். இறங்கி வருகிற பஸ்ஸின் வலது கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு முறை நின்று பாருங்கள். அதனால் வலப்பக்க வளைவில் சக்கரத்தை நம் பாதையின் இடது ஓரத்துப் பக்கமே வைத்துக்கொண்டு, உடம்பின் அகலத்துக்கும் இடம் விட்டுத்தான் சாய வேண்டும். இடப்பக்க வளைவில் தடுப்புக் கல்லும் புதரும். அங்கே ஓரத்தை ஒட்டாமல் ஒரு மீட்டர் தள்ளி.

பிளாட்டில் நான்கு ஞாயிறு

கணுக்கால் சரியானதும் பின் டயரை மாற்றி, காற்றைச் சரியாக வைத்து, அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். திருமங்கலம் போகிற வழியில் பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, விற்காமல் கிடக்கிற இடம் ஒன்று. கல் நட்டிருக்கும், வேப்பங்கன்று வாடியிருக்கும், ஆடு மேயும். மதுரையைச் சுற்றி இப்படி எத்தனையோ.

நான்கு ரோடு சேருகிற அகலமான முனையில் எட்டு மீட்டர் கயிற்றைச் சுழற்றிக் கோலமாவில் வட்டம் போட்டோம். எட்டு மீட்டர் ஆரத்தில் 18 கி.மீ. வேகத்துக்கு 18 டிகிரி சாய்வு. ஒரு சுற்று முடிக்கச் சரியாகப் பத்து வினாடி. மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், நான் வெளியே நின்று எண்ணினால் போதும்.

முதல் ஞாயிறு வட்டமே போடவில்லை. நின்ற வண்டியில் உட்காரவைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். தொடையால் டேங்கை இறுக்கு, பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில், இப்போது இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடு. முன்னால் விழுந்தான். மறுபடி. மறுபடி விழுந்தான். வயிற்றுத் தசை வேலை செய்ய ஆரம்பிக்க ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் நேர் ரோட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டே முழங்கையைக் கோழி இறக்கை அடிப்பது போல ஆட்டச் சொன்னேன். கை லேசாக இருந்தால்தான் ஆடும், ஊன்றியிருந்தால் ஆடாது. ஆட்டுக்காரப் பாட்டி நின்று பார்த்துவிட்டு, 'தம்பிக்கு என்னப்பா, காத்துக் கருப்பா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் ஞாயிறு வட்டம். பிட்டத்தைச் சீட்டை விட்டு நகர்த்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தாடை மட்டும் இடது கண்ணாடித் தண்டுக்கு நேரே போக வேண்டும். இடது முழங்கை மடங்கித் தரையைப் பார்க்க வேண்டும். கண் வட்டத்தின் எதிர் ஓரத்தில், எப்போதும் முன்னால். கோலமாவுக் கோட்டைப் பார்த்தால் அதிலேயே ஏறினான், எதிர் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தால் கோட்டுக்கு வெளியே ஒரே அளவில் ஓடினான். "மாமா, உங்களப் பாத்தா திரும்புது" என்றான். "என்னைப் பாக்காத, நான் நிக்கிற இடத்தப் பாரு" என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அவனுக்கு வேலை செய்தது.

மூன்றாம் ஞாயிறு ஒன்று நடந்தது. இடது பக்கம் சுற்றிக்கொண்டிருந்தவன் நாற்பதாவது சுற்றோ என்னவோ, திடீரென்று வண்டியை நிறுத்திவிட்டு, "மாமா, வலது கை சும்மா கெடக்கு" என்றான். முறுக்கைப் பிடித்திருக்கிறது, ஆனால் தள்ளவில்லை. இடது உள்ளங்கையால் ஒரு விரல் அளவுக்கு அழுத்தினாலே வட்டம் சுருங்குகிறது, விட்டால் விரிகிறது. அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அதைக் கலைக்க மனசில்லாமல் ஆளுக்கு ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நான்காவது ஞாயிறு பிரேக். நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, செகண்ட் கியரில் வந்து, பிரேக்கை விட்ட பிறகு சாய்வது. ஒரு தேங்காய் மட்டையை வைத்து அதற்குள் பிரேக் முடிய வேண்டும் என்றேன். இது சலிப்பான வேலை, வேகமாகவே கற்றுக்கொண்டான்.

மறுபடி அதே வளைவு

பங்குனியில் போனோம். அதே நண்பன், அதே கேமரா. இறக்கத்தில் நான் முன்னால் போகவில்லை. என்னைப் பார்த்து ஓட்டுவான் என்று கடைசியாக வந்தேன். வீட்டுக்கு வந்து அளந்தபோது அந்த 24 மீட்டருக்கு 3.2 வினாடி, மணிக்கு 27 கி.மீ. சாய்வு 20 டிகிரி. கோடு இழுத்துப் பார்த்தால் ஹெல்மெட் கோட்டுக்கு இடது பக்கம், நான்கு விரல் அளவு. இடுப்பு சீட்டின் நடுவில். முழங்கால் டேங்கோடு.

தார் ரோட்டில் பழைய கீறல் இன்னும் இருந்தது. அதைத் தாண்டும்போது அவன் பார்க்கவில்லை, கேமராவில் தலை திரும்பவே இல்லை. ஆனால் அதற்குக் கீழே இரண்டாவது வளைவில், வலப்பக்க வளைவில், வாழைத்தார் ஏற்றிய குதிரை ஒன்று உள்ஓரமாக ஏறி வந்தது. மெதுவாகத்தான் போனான், ஆபத்து ஒன்றுமில்லை. வீடியோவில் நிறுத்திப் பார்த்தேன்: குதிரையைக் கண்டதும் தலை வெளியே போய்விட்டது, இடது முழங்கை நீண்டுவிட்டது. பழைய படம் அப்படியே, கண்ணாடியில் திருப்பிப் பார்த்த மாதிரி.

நாங்கள் நான்கு ஞாயிறும் பெரும்பாலும் இடப்பக்கமே சுற்றியிருக்கிறோம். விழுந்த பக்கத்தைச் சரி செய்கிற அவசரத்தில் மறுபக்கத்தை நான் விட்டுவிட்டேன். கோலமாவு ஒரு கிலோ மீதி இருக்கிறது. வருகிற ஞாயிறு வட்டத்தை வலப்பக்கம் சுற்ற வேண்டும்.